திண்டிவனத்து 'மெனு கார்டு' பனை ஓலையில இருக்கு!

பத்துப் பாட்டு... எட்டுப் புலவர்கள்... ஒரே சுவடிக் கட்டு! கிட்டத்தட்ட 2,000 வருஷமா கை மாறிக் கை மாறி வந்த ஒரு தொகுப்பின் 'ஓனர்ஷிப்' கதை இது. அதுல நம்ம ஊரும் இருக்கு பாஸ்!

திண்டிவனம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்னை பஸ்ஸு டீ குடிக்க நிக்கிற ஊர். ஜங்ஷன்ல நாலாப் பக்கமும் ரோடு பிரியற ஊர். கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க, "திந்திரிணி வனம்னா புளியங்காடு... அதுதான் திண்டிவனம் ஆச்சு"னு ஒரு தகவலைத் தட்டி விடுவாங்க. விழுப்புரம்னா? ரயில் மாறுற ஜங்ஷன். அவ்வளவுதானே!

ஆனா இந்த ஏரியாவுக்குன்னே ஒரு டூர் கைடு, அதுவும் எந்த ஊர்ல என்ன சாப்பாடு கிடைக்கும்னு மெனுவோட, சங்க காலத்துலேயே எழுதப்பட்டிருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? எழுதினவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில மரக்காணத்துக்கு வடக்கே போனா இன்னிக்கும் இடைக்கழிநாடுங்கிற பேர் இருக்கு. சோ, ஆளு பக்கத்து ஊர்க்காரர்தான்! பாட்டோட பேர் சிறுபாணாற்றுப்படை. மொத்தம் 269 அடி. ப்ளஸ் டூ தமிழ்ல ரெண்டு மார்க் கேள்விக்காக நாம மனப்பாடம் பண்ணித் தூக்கிப் போட்ட அதே பேருதான்.

மீன் வறுவல், புளிச்சோறு, நண்டு!

கதை சிம்பிள். வறுமையில வாடுற ஒரு பாணன் தன் குடும்பத்தோட வழியில போறான். ஏற்கெனவே பரிசு வாங்கிட்டு வர்ற இன்னொரு பாணன் எதிர்ல வந்து, "நல்லியக்கோடன்கிட்டப் போ. வாழ்க்கையே மாறிடும்"னு வழி சொல்றான். நல்லியக்கோடன் யாரு? ஓய்மா நாட்டுத் தலைவன். பாட்டுல அவனுக்குக் 'கிடங்கில்' ஊர்க் கோமான்னு பட்டம். அந்தக் கிடங்கில், இன்னிக்குத் திண்டிவனம் ஊருக்குள்ளேயே இருக்கிற பகுதி! 'கிடங்கு'ன்னா அகழி. கோட்டையைச் சுத்தி அகழி இருந்த ஊர்னு பேரே சொல்லுது.

போற வழியில மூணு ஸ்டாப்பிங். முதல்ல கடற்கரைப் பட்டினம். அங்கே பரதவர் வீட்டுல பழைய தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர். அது ராணிப்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கிற வேலூர் இல்லை, இந்தப் பக்கத்து வேலூர். அங்கே எயினர் வீட்டுல சூடான புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். மூணாவதா ஆமூர். உலக்கையோட இரும்புப் பூணே தேயற அளவுக்குக் குத்தித் தீட்டின அரிசிச் சோறு, கூடவே நண்டு! பட்டினம் மரக்காணம், வேலூர் உப்புவேலூர், ஆமூர் நல்லாமூர்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் அடையாளம் சொல்றாங்க. மூணுமே திண்டிவனத்துல இருந்து டவுன் பஸ் பிடிச்சுப் போற தூரம்தான். புளியங்காட்டுக்குப் பக்கத்துல புளிச்சோறு... மேட்ச் ஆகுதுல்ல?

ஜாலியா மட்டும் நினைச்சுடாதீங்க. இதே பாட்டுல, பரிசு வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பாணன் வீடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு இடம் வருது. சமையல் கட்டுல குட்டி போட்ட நாய். அதுக்கே சாப்பாடு இல்லை, பால் சுரக்கலை. கண்ணு திறக்காத குட்டிங்க மடியை முட்டும்போது வலி தாங்காம அது குரைக்குது. சுவரைக் கரையான் அரிச்சிருக்கு. அடுப்பங்கரையில காளான் பூத்திருக்கு. பசியில மெலிஞ்ச அவன் மனைவி, குப்பையில முளைச்ச கீரையை நகத்தால கிள்ளிட்டு வந்து உப்புக்கூட இல்லாம வேக வெக்கிறா. அதை யாராவது பார்த்து ஊரெல்லாம் சொல்லிடுவாங்களோன்னு வெட்கப்பட்டு, கதவைச் சாத்திட்டு, தன் பெரிய குடும்பத்தோட சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறா.

மாசக் கடைசியில மெஸ் பில் கட்ட முடியாம, "பசிக்கலடா மச்சி"னு ரூம் கதவைச் சாத்திக்கிற பையன் எல்லா ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருப்பான். அவனுக்கு இந்த இடத்துக்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படி வந்துச்சு? அங்கேதான் நிஜமான த்ரில்லர் ஆரம்பிக்குது.

பழங்காலத்து 'ஜிப் ஃபைல்'

சிறுபாணாற்றுப்படை தனியா வரலை. பத்துப்பாட்டுன்னு ஒரு தொகுப்புக்குள்ள இருந்துதான் வந்துச்சு. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, முல்லைப்பாட்டு, மதுரைக்காஞ்சி, நெடுநல்வாடை, குறிஞ்சிப்பாட்டு, பட்டினப்பாலை, மலைபடுகடாம். இதுல ரொம்பச் சின்னது முல்லைப்பாட்டு, 103 அடி. ரொம்பப் பெரிசு மதுரைக்காஞ்சி, 782 அடி. பத்தையும் கூட்டினா 3,552 அடி.

எழுதினவங்க எட்டுப் பேர். நக்கீரர் பேர்ல ரெண்டு, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பேர்ல ரெண்டு, மத்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஒரே ஊர்க்காரங்க இல்லை. ஒரே ராஜாவைப் பாடலை. எல்லாம் ஒரே காலமும் இல்லை. திருமுருகாற்றுப்படை மத்ததை விடப் பிந்தினதுன்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க. அதாவது, தனித்தனி ஃபைலா இருந்த பத்துப் பாட்டையும் பிற்காலத்துல யாரோ ஒருத்தர் ஒரே ஃபோல்டர்ல போட்டு 'ஜிப்' பண்ணியிருக்கார். அவர் யாருன்னு பேர் இல்லை.

எப்போ ஜிப் பண்ணாங்க? ஒரு க்ளூ இருக்கு. இறையனார் களவியல் உரைங்கிற பழைய நூல், சங்க நூல்களோட பட்டியலைச் சொல்லும்போது எட்டுத்தொகை நூல்களைத்தான் சொல்லுது. பத்துப்பாட்டு அந்த லிஸ்ட்ல இல்லை! அதுக்கப்புறம் வந்த இடைக்கால உரையாசிரியர்கள்தான் 'பாட்டு', 'பத்துப்பாட்டு'ன்னு பேர் சொல்லிப் பேசறாங்க. பாட்டுகள் பழசு, கட்டு இடைக்காலத்தது.

அப்புறம் 14-ம் நூற்றாண்டு வாக்குல மதுரை நச்சினார்க்கினியர் வர்றார். பத்துப் பாட்டுக்கும் சேர்த்து உரை எழுதறார். அவர் இல்லேன்னா நமக்குப் பாதி புரிஞ்சிருக்காது. ஒரு சாம்பிள்: சிறுபாணாற்றுப்படையில கடற்கரைப் பட்டினத்தோட பேர் நேரா வரவே வராது. 'மதிலோட பேரைக் கொண்ட பட்டினம்'கிற மாதிரி சுத்தி வளைச்சு ஒரு விடுகதைதான் இருக்கும். மதிலுக்கு இன்னொரு பேர் எயில். ஆக, எயிற்பட்டினம்னு முடிச்சை அவிழ்க்கிறது உரைதான். கூகுள் மேப்ல பின் குத்தி வெச்ச முதல் ஆள் நச்சினார்க்கினியர்!

ஓலைக்கு 'எக்ஸ்பைரி டேட்' உண்டு

இப்போ கொஞ்சம் மெட்டீரியல் சயின்ஸ். பனை ஓலையை வெட்டி, பதமா வேக வெச்சு, காய வெச்சு, மழமழன்னு தேய்ச்சு, ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, மேலயும் கீழயும் மரச்சட்டம் வெச்சுக் கட்டினா சுவடி ரெடி. எழுத்தாணியால கீறி எழுதணும். எழுத்து கண்ணுக்குத் தெரிய, மேல விளக்குக்கரி, மஞ்சள், இலைச்சாறுன்னு தடவுவாங்க.

எவ்வளவு நாள் தாங்கும்? நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் 200, 300 வருஷம் தாண்டினாலே பெரிய விஷயம். அப்போ கணக்குப் போட்டுப் பாருங்க... 2,000 வருஷத்துப் பாட்டு நம்ம கைக்கு வரணும்னா குறைஞ்சது ஆறேழு தடவையாவது யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில காப்பி எடுத்திருக்கணும். ஒரு தலைமுறை சோம்பேறித்தனமா விட்டிருந்தா, கதை க்ளோஸ்! நாம அசைன்மென்ட் காப்பி அடிச்சா திட்டறாங்க. ஆனா தமிழ் பொழச்சதே காப்பி அடிச்ச புண்ணியவான்களாலதான்.

காப்பின்னா தப்பும் வரும்ல? ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்த மாட்டாங்க, குத்தினா ஓலை கிழிஞ்சுடும். குறில் எ, நெடில் ஏ ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 'எரி'ன்னு படிக்கிறதா, 'ஏரி'ன்னு படிக்கிறதா? நெருப்பா, தண்ணியா? இடம் பார்த்து நாமதான் முடிவு பண்ணணும். காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். அடி முடிஞ்சா அடுத்த வரிக்குப் போற பழக்கமும் கிடையாது. ஓலையை வீணாக்காம ரயில் பெட்டி மாதிரி ஒரே ஓட்டமா எழுதிட்டுப் போவாங்க. இந்த எழுத்துக் குழப்பத்தைப் பின்னாடி 18-ம் நூற்றாண்டுல சீர்திருத்தினவர்னு வீரமாமுனிவரைச் சொல்வாங்க.

சரி, கட்டுல ஓலை விட்டுப் போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கும் ஒரு வழி வெச்சிருந்தாங்க. பத்துப் பாட்டோட பேரையும் வரிசையாச் சொல்ற ஒரு பழைய வெண்பா உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க பாஷையில சொன்னா, 'செக்சம்'! பத்துல எது மிஸ்ஸிங்னு வெண்பாவே காட்டிக் கொடுத்துடும்.

எல்லாத் தொகுப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பதிற்றுப்பத்துல முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவே இல்லை. ஒரு கட்டுல முதல்ல அடிபடறது மேல் ஓலையும் கீழ் ஓலையும்தானே? நம்ம நோட்டுல முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கிழியற மாதிரி. பரிபாடல்ல 70 பாட்டு இருந்துச்சுன்னு பழைய குறிப்பு சொல்லுது. முழுசா வந்து சேர்ந்தது 22. புறநானூறுல 267, 268-ம் பாட்டு ரெண்டும் போயே போச்சு.

மடம் டூ மடம்... வீடு டூ வீடு

இப்போ சொந்தக்காரங்க லிஸ்ட்டுக்கு வருவோம். 1835-ல சார்லஸ் மெட்காஃப் அச்சகங்கள் மேல இருந்த கட்டுப்பாட்டை நீக்கினதுக்கு அப்புறம், நம்மாளுங்க சொந்தமா பிரஸ் வெச்சுப் புத்தகம் போட ஆரம்பிச்சாங்க. திருமுருகாற்றுப்படை சீக்கிரமே அச்சாயிடுச்சு. ஏன்னா அது முருக பக்தர்கள் தினம் படிக்கிற பாட்டு. சைவத் திருமுறையில பதினோராம் திருமுறையிலும் அதைச் சேர்த்து வெச்சிருந்தாங்க. சுவடிகளும் நிறைய. மத்த ஒன்பது? பரண்லதான்!

அதைத் தேடிப் புறப்பட்டவர் உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். 1887-ல சீவகசிந்தாமணியைப் பதிப்பிச்ச கையோட பத்துப்பாட்டுல இறங்கினார். அவர் சுவடி வாங்கின இடங்களைப் பார்த்தா, அந்தக் காலத்துல யார் யார் வீட்டுல தமிழ் குடியிருந்துச்சுன்னு தெரியும். திருவாவடுதுறை ஆதீனம், தருமபுரம் ஆதீனம்னு சைவ மடங்கள் ஒரு பக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கவிராயர் வீடுகள் இன்னொரு பக்கம். வேலூர்ல ஒரு வீரசைவர் வீடு. சைவர், வீரசைவர், வைணவர்னு எல்லா வீட்டுப் பரண்லயும் இந்தப் பாட்டு தூங்கிட்டு இருந்திருக்கு. சிந்தாமணிக்கு உதவினவங்க கும்பகோணத்து ஜைனர்கள். மதம் பார்த்து யாரும் ஓலையைப் பூட்டி வெக்கலை.

ஆழ்வார்திருநகரியில நடந்ததைப் படமா எடுத்தா க்ளைமாக்ஸுக்கு விசில் பறக்கும். லட்சுமண கவிராயர் வீட்டுல குவிஞ்சு கிடந்த சுவடிகளை எல்லாம் புரட்டியும் பத்துப்பாட்டு சிக்கலை. மனசு உடைஞ்சு போயிருந்த நேரம், கோயில் உற்சவ ராத்திரியில கவிராயர் தன் மாமனார் வீட்டுல இருந்து ஒரு கட்டைக் கொண்டு வந்து நீட்டறார். விளக்குக்குக்கூடக் காத்திருக்கலை, நிலா வெளிச்சத்துலேயே பிரிக்கிறார் சாமிநாதையர். கண்ணுல பட்ட பேர், முல்லைப்பாட்டு!

குறிஞ்சிப்பாட்டுல வேற பிரச்னை. கபிலர் 99 பூக்களை வரிசையாச் சொல்ற இடத்துல, கைக்குக் கிடைச்ச சுவடிகள்ல ஒரு பகுதி விட்டுப் போயிருந்துச்சு. அந்த ஓட்டை தருமபுரம் மடத்துச் சுவடியாலதான் அடைஞ்சது. உரைக்குள்ள கலந்து கிடந்த பாட்டு வரிகளைப் பிரிச்சு எடுத்து, ஒரு சுவடியோட குறையை இன்னொண்ணால சரி பண்ணி, 1889-ல நச்சினார்க்கினியர் உரையோட பத்துப்பாட்டு அச்சுல வந்துச்சு. அப்போ அவருக்கு வயசு 34. அதோட விடலை. மேலும் திருத்தி 1918-ல ரெண்டாம் பதிப்பு, 1931-ல மூணாம் பதிப்பு. 'வெர்ஷன் 3.0' வரைக்கும் அப்டேட் கொடுத்த மனுஷன்!

எல்லா இடத்துலயும் நிலா வெளிச்சம் அடிக்கலை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில்ல பழைய ஏடுகள் குவியல் குவியலா இருந்துச்சுன்னு கேள்விப்பட்டுப் போனார். அதையெல்லாம் நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டுட்டாங்கன்னு பதில் வந்துச்சு. பழசான ஏட்டை அப்படித்தான் பண்ணணும்னு சாஸ்திரமாம். இன்னும் சில ஊர்கள்ல ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல விட்டாங்க. யாரும் வெறுப்புல செய்யலை, மரியாதைன்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க. அதுதான் கொடுமையே!

லண்டன்லயும் இதே கதைதான்

இது நம்ம ஊர் சமாசாரம் மட்டும்னு நினைக்காதீங்க. இங்கிலீஷ்காரங்க தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடற பியோவுல்ஃப் காவியம் 3,182 அடி. நம்ம பத்துப்பாட்டை விடக் கொஞ்சம் கம்மி. உலகத்துலேயே அதுக்கு இருக்கிறது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. தோல்ல எழுதினது, சுமார் கி.பி. 1000-த்தைச் சேர்ந்தது. அதுவும் தனியா இல்லை. வேற சில கதைகளோட சேர்ந்து ஒரே கட்டு. முதல் பக்கத்துல லாரன்ஸ் நோவெல்ங்கிற அறிஞர் தன் பேரையும் 1563-ங்கிற வருஷத்தையும் எழுதி வெச்சிருக்கார். அவருக்கு முன்னாடி அது யார்கிட்ட இருந்துச்சுங்கிறது புதிர்தான்.

அப்புறம் அது ராபர்ட் காட்டன்கிற பணக்காரச் சேகரிப்பாளர் கைக்குப் போச்சு. அங்கேதான் சம்பந்தமே இல்லாத 12-ம் நூற்றாண்டுப் பிரதி ஒண்ணோட சேர்த்து பைண்ட் பண்ணிட்டாங்க. அவர் லைப்ரரியில பெரும்பாலான அலமாரிகள் மேல ரோமாபுரிச் சக்கரவர்த்திகளோட சிலைகள். நம்ம பிரதி இருந்தது விட்டெலியஸ் தலைக்குக் கீழே. இன்னிக்கும் பிரிட்டிஷ் லைப்ரரியில அதோட கால் நம்பர்ல விட்டெலியஸ் பேர் இருக்கு!

1731 அக்டோபர் 23. அந்தச் சேகரிப்பு இருந்த கட்டடத்துல தீ. கட்டு பொழச்சுது. ஆனா ஓரமெல்லாம் கருகி, வருஷா வருஷம் எழுத்து உதிர ஆரம்பிச்சுது. 1787 வாக்குல தோர்கெலின்ங்கிறவர் எடுத்து வெச்ச காப்பியில இருக்கிற பல எழுத்துகள் இன்னிக்கு மூலத்துல இல்லை. 1845-ல ஒவ்வொரு பக்கத்துக்கும் காகிதச் சட்டம் போட்டு ஒட்டின பிறகுதான் உதிர்றது கட்டுக்குள்ள வந்துச்சு.

பார்த்தீங்களா? அங்கே எமன் நெருப்பு, இங்கே எமன் கரையான். ரெண்டு இடத்துலயும் காப்பாத்தினது, "இது அழியறதுக்குள்ள ஒரு காப்பி எடுத்துடணும்"னு துடிச்ச ஒரு ஆள்.

ஆனா ஒரு வித்தியாசம். காட்டனோட ஓனர்ஷிப்புக்கு அலமாரி நம்பர் வரைக்கும் ஆதாரம் இருக்கு. நம்ம சுவடிகள்ல பலதுக்கு அது கிடையாது. ஏட்டோட கடைசியில எழுதினவர் பேர், ஊர், தேதி போடற வழக்கம் உண்டுதான். ஆனா கடைசி ஓலைதானே முதல்ல உடையும்! தேதி இருந்தாலும் தலைவலி. விரோதி வருஷம்னு போட்டிருந்தா, எந்த விரோதி? 2009-லயும் விரோதி, 1949-லயும் விரோதி, 1889-லயும் விரோதி. 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்பி வரும். தெக்கத்திச் சுவடிகள்ல கூடவே கொல்லம் ஆண்டு போட்டிருந்தா தப்பிச்சோம்.

நமக்கு என்ன பாஸ்?

ஓய்மா நாடுங்கிற பேர் சோழர் காலக் கல்வெட்டுகள்லயும் வருது. ஆனா கல்வெட்டு பெரும்பாலும் நிலக்கணக்கும் தானக்கணக்கும்தான் சொல்லும். ஆமூர் நண்டோட ருசியும், கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்ட அந்தப் பாணன் மனைவியோட வெட்கமும் ஓலையிலதான் இருக்கு. கட்டுல அந்தச் சில ஏடு மட்டும் உதிர்ந்திருந்தா, நம்ம ஊரோட பழைய முகமே போயிருக்கும். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னுகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது.

அப்போ இந்தச் சுவடிக்கு யார்தான் ஓனர்? எழுதின நத்தத்தனாரா? கட்டின முகம் தெரியாத ஆளா? உரை எழுதின நச்சினார்க்கினியரா? பூட்டி வெச்ச மடமா? பரண்ல வெச்ச கவிராயரா? பதிப்பிச்ச சாமிநாதையரா? 1942-ல அவர் காலமானார். அடுத்த வருஷமே அவர் பேர்ல ஆரம்பிச்ச நூல்நிலையம் இப்போ சென்னை பெசன்ட் நகர்ல இருக்கு. 2,000-த்துக்கும் மேல சுவடிகள் அங்கே பத்திரமா இருக்கு. யோசிச்சுப் பார்த்தா, அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் ஓனர் இல்லை. ரிலே ரேஸ்ல கட்டையை வாங்கி அடுத்தவன் கையில கொடுத்த ஓட்டக்காரங்க. கொடுக்காம கையிலேயே வெச்சிருந்தவங்ககிட்டதான் சுவடி செத்துப் போச்சு.

இப்போ கட்டை யார் கையில? நம்ம பக்கத்துலேயே எத்தனை இடம் இருக்குன்னு பாருங்க. திண்டிவனத்துல இருந்து செஞ்சி போற வழிப்பக்கம் மேல்சித்தாமூர், தமிழ் ஜைனர்களோட தலைமை மடம் இருக்கிற ஊர். மயிலம், 17-ம் நூற்றாண்டுக் கவிஞர் சிவப்பிரகாசரோட தொடர்புடைய பொம்மபுர ஆதீனத்து ஊர். ஒரு மணி நேர பஸ் பயணத்துல புதுச்சேரி. அங்கே 1955-ல தொடங்கின பிரெஞ்சு நிறுவனத்துல மட்டும் 8,000-த்துக்கும் மேல ஓலைச்சுவடிக் கட்டுகள். அங்கே இருக்கிற இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தோடதையும் சேர்த்து, புதுச்சேரியில உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகளை 2005-ல யுனெஸ்கோ தன்னோட 'உலக நினைவகம்' பட்டியல்ல சேர்த்துச்சு. அதுல பல கட்டுகள் நம்ம பத்துப்பாட்டு மாதிரி 'பலது ஒண்ணுல' வகைதான். வெளியில ஒரு பேர் இருக்கும். அவிழ்த்தா உள்ளே வேற ரெண்டு மூணு நூல் இருக்கும். தேசிய அளவுல சுவடிகளுக்கான இயக்கம் 2003-ல ஆரம்பிச்சுது. 2025 மத்திய பட்ஜெட்டுல அறிவிச்ச 'ஞான பாரதம்' திட்டத்தோட இலக்கு, ஒரு கோடிக்கும் மேல சுவடிகள்!

ஒரு கோடி! பண்டிதர்களால மட்டும் முடியற வேலையா இது? விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் இன்ஜினீயரிங் காலேஜ், ஆர்ட்ஸ் காலேஜ்னு எத்தனை இருக்கு. ஓலையில மங்கின எழுத்தை இமேஜ் ப்ராசஸிங்ல தெளிவாக்கறது, 'எரி'யா 'ஏரி'யான்னு இடம் பார்த்துச் சொல்ற மாதிரி கம்ப்யூட்டருக்குக் கத்துக் கொடுக்கிறது, கலைஞ்சு போன ஏடுகளைக் கையெழுத்தை வெச்சுச் சேர்க்கிறது... ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இதை விட நல்ல டாபிக் உண்டா சொல்லுங்க? தமிழ் டிபார்ட்மென்ட் பசங்களும் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் பசங்களும் கல்ச்சுரல்ஸ் தவிர வேற எதுக்காவது ஒண்ணா உட்காரணும்னா, இதுக்கு உட்காரலாம்!

உங்க வீட்டுப் பரண்ல ஓலைக்கட்டு இருந்தா...

* பூஜை போடறேன்னு மஞ்சள் தண்ணி தெளிக்காதீங்க. ஈரம்தான் முதல் எதிரி.

* கட்டை அவிழ்த்து இழுக்காதீங்க. ஏடுகளோட வரிசை கலைஞ்சா பாதிக் கதை போச்சு.

* வெறும் ஜாதகம், வைத்தியம், கணக்குன்னு தூக்கிப் போடாதீங்க. அதே கட்டுக்குள்ள வேற என்ன இருக்குன்னு படிக்கத் தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும்.

* உதிர்ந்த துண்டா இருந்தாலும் குப்பைக்கு அனுப்பாதீங்க. ஒரு துண்டுல கபிலரோட பூ ஒண்ணு இருக்கலாம்.

* யார் வெச்சிருந்தது, எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு தாத்தா, பாட்டிகிட்ட இன்னிக்கே கேட்டு எழுதி வைங்க. சுவடியோட 'ஆர்.சி. புக்' அதுதான்.

* சென்னையில இருக்கிற அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூல்நிலையம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மாதிரி இடங்கள்ல காட்டிக் கேளுங்க.

கரையானுக்கு செமஸ்டர் லீவு கிடையாது. லீவுல ஊருக்குப் போற நாமதான் முந்திக்கணும். பரண் ஏணி எங்கேன்னு இப்பவே தேடுங்க மக்கா!